வாக்குச்சீட்டின் கீழ்ப்பகுதியையும் எழுதுங்கள்

ஆசிரியருக்கு,

அமெரிக்கத் தேர்தல் என்றால் நம் நாளிதழ்கள் அதிபர் பதவியோடு நின்றுவிடுகின்றன. அதில் யாருக்கு ஓட்டு என்று பெரும்பாலோர் பிரசாரத்துக்கு முன்பே முடிவு செய்துவிடுகிறார்கள். குடியரசுக் கட்சியா, ஜனநாயகக் கட்சியா என்பது பல வருடப் பிடிப்பு. வாக்காளர் திணறுவது உள்ளூர்ப் பதவிகள் இடம்பெறும் வாக்குச்சீட்டின் கீழ்ப்பகுதியில்தான். அதையும் விரிவாக எழுதுங்கள்.

கலிஃபோர்னியாவில் கவுன்ட்டி (நம் மாவட்டம் போன்றது) நீதிபதி, பள்ளி வாரியம், நகர மன்றம் ஆகியவற்றுக்கு நிற்பவரின் கட்சி அச்சிடப்படாது. பெயருக்குக் கீழே தொழில் இருக்கும், பெரும்பாலும் மூன்று சொற்களுக்குள். பள்ளி வாரியத்துக்கு நிற்பவர் பெயரின் கீழ் ‘கணித ஆசிரியர்’ என்றிருந்தால் கை அங்கேதான் போகும். அந்த மூன்று சொல்லுக்காக நீதிமன்றம் வரை போகிறார்கள். பலருக்கு அந்த வேட்பாளரைப் பற்றித் தெரிந்த ஒரே தகவல் அதுதானே! அதுவும் உதவாவிட்டால், எங்கோ கேள்விப்பட்ட பெயருக்கோ முதலில் உள்ள பெயருக்கோ ஓட்டு விழுகிறது. முதலிடத்துக்குச் சிறு ஆதாயம் உண்டு என்பதால், ஆங்கில எழுத்துகளைக் குலுக்கிப் போட்டுப் பெயர்வரிசையைத் தீர்மானிக்கிறார்கள்.

பலர் கட்டத்தைக் காலியாகவே விட்டுவிடுகிறார்கள். எப்போதும் வாக்காளரைக் குறை சொல்ல முடியாது. 2018-இல் ஃபுளோரிடாவின் பிரோவர்டு கவுன்ட்டியில் செனட் (நாடாளுமன்ற மேலவை) போட்டியை இடது பத்தியில், நீளமான வழிமுறைகளுக்கு அடியில் அச்சிட்டிருந்தார்கள். ஆயிரக்கணக்கானோர் அதைக் குறிக்கவே இல்லை. மாநிலம் முழுவதுக்கும் வெற்றி வித்தியாசம் 10,033 ஓட்டுதான்.

அடுத்தது பிரைமரி, அதாவது கட்சியின் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதற்கட்டத் தேர்தல். ஒரே கட்சி ஓங்கியிருக்கும் ஊரில் பெரும்பாலும் முடிவு அங்கேயே தெரிந்துவிடும். நியூயார்க்கில் கட்சியில் பதிவு செய்தவர்தான் அக்கட்சியின் பிரைமரியில் ஓட்டுப் போட முடியும். ஜூன் பிரைமரிக்குக் கட்சி மாற பிப்ரவரி 14 கடைசி நாள். தெரியாமல் ஜூனில் விழித்துக்கொள்பவருக்கு வழியில்லை. நியூயார்க் நகர மேயர் பிரைமரியில் 5 பேர் வரை விருப்ப வரிசையில் குறிக்கலாம். ஒருவரையே ஐந்து இடத்திலும் குறித்தால் கூடுதல் பலம் கிடையாது.

குடியுரிமை பெற்று முதன்முறை ஓட்டுப் போடும் தமிழர்கள், கவுன்ட்டி தேர்தல் அலுவலகம் தரும் மாதிரி வாக்குச்சீட்டை வாங்கி, கீழிருந்து மேலாகப் படிப்பது நல்லது. நீதிபதிகளுக்கு லாஸ் ஏஞ்சல்ஸ் போன்ற இடங்களில் வழக்கறிஞர் சங்க மதிப்பீடு உண்டு. பள்ளி வாரியத்தில் ஏற்கெனவே இருப்பவர் எதற்கு ஆதரவாக வாக்களித்தார் என்பது கூட்டக் குறிப்புகளில் இருக்கும். முடிவை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். கலிஃபோர்னியாவில் அதை வாக்குச்சாவடிக்குள் எடுத்துச் செல்லலாம்.

இப்படிக்கு,
வாசகர்