அந்தப் புண்ணில் ஒரு துண்டு எடுத்துப் பாருங்கள், சயா

பர்மாவின் பெகு வட்டாரத்தில் ஆடு மாடுகளுக்கு வைத்தியம் பார்க்கும் சயாமார்களுக்கு,

வணக்கம். போன ஆவணியில் எங்கள் கொட்டிலில் ஒரு செம்மறிக் கிடா செத்தது. முனீஸ்வரனுக்கு நேர்ந்துவிட என் மச்சான் மெய்த்திலாவில் வாங்கி வந்தது. செம்மறி வறண்ட தரையில் மேய்கிற உயிர். அதைக் கொண்டுவந்து தண்ணீர் தேங்கிய வயல்காட்டில் விட்டோம், அது எங்கள் பிசகு. நாள் முழுக்க மூக்கைத் தண்ணீருக்குள் விட்டுத்தான் புல்லைக் கடித்தது.

முதலில் ஒரு பக்க மூக்கில் சளி. அப்புறம் அதில் ரத்தம். அப்புறம் முகம் ஒரு பக்கமாக வீங்கி, மூச்சு இழுக்கிற சத்தம் வாசல் வரை கேட்டது. வந்து பார்த்த சயா சளிக்கு ஊசி போட்டார். அடுத்த தடவை காளான் நோய் என்று மாத்திரை கொடுத்தார். மூன்றாவது வாரம் கிடா போய்விட்டது.

அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. மழையில் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்த மனிதர். ஆனால் மூன்று வாரத்தில் ஒருமுறைகூட யாரும் அந்த மூக்கிலிருந்து கடுகளவு சதை எடுத்துப் பார்க்கவில்லை. நானும் கேட்கவில்லை, கேட்கத் தெரியவில்லை.

பித்தியோசிஸ் என்று ஒரு நோய் இருப்பது பிறகுதான் தெரிந்தது. பிரேசிலின் வடகிழக்கில் செம்மறிகளுக்கு இதே போல மூக்கில் வந்து முகம் வீங்கிச் செத்திருக்கின்றன. காரணம் பித்தியம் இன்சிடியோசம் என்ற நீர்வாழ் கிருமி. பார்க்கக் காளான் போல நூல் நூலாக இருக்கும், ஆனால் காளான் இல்லை, பழுப்புப் பாசிக்குத்தான் நெருங்கிய சொந்தம். உருளைக்கிழங்குச் செடியைக் கருக்குகிற நோயும் இதே கூட்டத்தில் ஒன்று. தேங்கிய வெதுவெதுப்பான தண்ணீரில், அழுகிய புல் இலைகளில் வளர்ந்து, வால் முளைத்த வித்துகளை விடும். அவை நீந்திப்போய் மயிரிலும் காயத்திலும் ஒட்டிக்கொள்ளும்.

காளான் மாத்திரை பெரும்பாலும் ஏன் கேட்பதில்லை என்பதற்கும் பதில் இதிலேயே இருக்கிறது. அந்த மருந்துகளில் பல, காளானின் தோலில் உள்ள எர்கோஸ்டெரால் என்ற கொழுப்பைக் குறிவைப்பவை. இதன் தோலில் அது இல்லை. குறியே இல்லாத இடத்தில் அம்பு விட்டு என்ன பயன்? ஆரம்பத்திலேயே கண்டுபிடித்து, புண்ணைச் சுற்றி நல்ல சதையும் சேர அகலமாக வெட்டி எடுத்தால் பிழைக்க வழி உண்டு. குதிரைகளுக்கு அந்தக் கிருமியிலிருந்தே செய்த தடுப்பூசி மாதிரி மருந்தும் கொடுக்கிறார்கள். மாட்டுக்குக் காலில் வந்தால் சில சமயம் தானாகவே ஆறிவிடும். நாய்க்கு வயிற்றில் வரும், வாந்தி எடுத்தே இளைத்துப்போகும்.

என் கிடாவுக்கு வந்தது இதுதான் என்று நான் சத்தியம் பண்ண மாட்டேன். மூக்கில் வரும் நிஜக் காளான் நோய்களும் கண்ணுக்கு இப்படித்தான் இருக்கும். அதனால்தான் இந்த மடல்.

எல்லையைத் தாண்டினால் தாய்லாந்து. அங்கே இது மனிதருக்கே வருகிறது. தலசீமியா என்ற பரம்பரை ரத்தசோகை உள்ளவர்களுக்குக் கால் ரத்தக்குழாயில் புகுந்து, காலையே எடுக்க வேண்டிய நிலை வருகிறது. கண்ணிலும் வரும். அதே மழை, அதே நெல்வயல், அதே சூடு இங்கேயும் இருக்கிறது. எல்லைக் கம்பி பார்த்து நின்றுவிட இது ஆடா மாடா? ஆட்டிடமிருந்து ஆளுக்கு ஒட்டாது, அதுவரைக்கும் நிம்மதி. தண்ணீரில் நிற்கிற ஆளும் ஆடும் தனித்தனியாக வாங்கிக்கொள்வதுதான்.

வடஇந்தியாவில் குதிரை வைத்திருந்தவர்கள் 19ஆம் நூற்றாண்டிலேயே மழைக்காலத்தில் வரும் ஆறாத புண்ணுக்குப் பர்சாத்தி, அதாவது மழைப்புண், என்று பேர் வைத்திருந்தார்கள். வேறு சில புண்களும் அந்தப் பேருக்குள் அடங்கியிருந்தன. இந்தக் கிருமிக்கு இப்போதுள்ள பேர் வந்தது 1987இல்தான்.

உங்களிடம் பெரிதாக எதுவும் கேட்கவில்லை. வைகாசி முதல் ஐப்பசி வரை ஆறாத புண்ணோ, வீங்கிய மூக்கோ கண்ணில் பட்டால், ஊசிக்கு முன்னால் இரண்டு துண்டு சதை எடுங்கள். ஒன்று, சதையை அழுகாமல் வைக்கிற ஃபார்மலினில் போகட்டும். இன்னொன்றை ஃபார்மலின் படாமல் வையுங்கள், பட்டால் கிருமி செத்துவிடும், வளர்த்துப் பார்க்க முடியாது. எசின் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தில் படித்து வந்த பிள்ளைகள் உங்களில் இருக்கிறீர்கள். அங்கே யாரிடம் அனுப்பலாம் என்று உங்களுக்குத்தான் தெரியும். வண்டிச் செலவை ஆடு மாடு வைத்திருக்கும் நாங்கள் பங்கு போட்டுக் கொடுத்துவிடுகிறோம்.

மச்சான் மறுபடி மெய்த்திலா போகிறார். கிடாவை ஐப்பசி கழிந்து ஓட்டி வந்தால் போதும் என்று சொல்லிவிட்டேன். அதற்கு முன்னால் எங்கள் செவலைப் பசுவுக்குப் பின்னங்காலில் ஒரு புண் இருக்கிறது, பதினெட்டு நாளாக ஆறவில்லை. வியாழக்கிழமை காலையில் கொட்டிலிலேயே கட்டி வைத்திருப்பேன். கத்தியும் இரண்டு சீசாவும் எடுத்து வாருங்கள்.

இப்படிக்கு,
பெகுவில் ஆடு மாடு வைத்திருக்கும் ஒருவன்