பாங்காக் பந்தயக் கோப்பைக்குப் பீராவின் பெயரை வையுங்கள்

பாங்காக்கில் ஃபார்முலா ஒன் பந்தயம் நடத்த முயற்சி எடுக்கும் தாய்லாந்து அதிகாரிகளுக்கும், ஃபார்முலா ஒன் நிர்வாகத்தினருக்கும் வணக்கம்.

2028 முதல் பாங்காக் தெருக்களில் பந்தயம் நடத்தும் முயற்சிக்கு 2025 ஜூனில் தாய்லாந்து அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. அந்தச் செய்தியைப் படித்ததும் எனக்கு முதலில் வந்த கேள்வி, தாய்லாந்து இளவரசரும் கார் பந்தய ஓட்டுநருமான பீராவுக்கு இதில் என்ன இடம் என்பதுதான். பந்தயம் எப்போது நடந்தாலும் சரி, அதன் கோப்பைக்கு அவர் பெயரை வையுங்கள் என்று கேட்கவே இதை எழுதுகிறேன்.

பாங்காக்கில் கிராண்ட் பிரீ என்னும் பெரிய கார் பந்தயம் நடத்துவது புது யோசனை இல்லை. 1939 டிசம்பரிலேயே அங்கே ஒன்று நடந்திருக்க வேண்டும். இளவரசர் பீராவும் அவருடைய உறவினர் இளவரசர் சுலாவும் அதற்காக உழைத்தார்கள். செப்டம்பரில் ஐரோப்பாவில் போர் மூண்டது, பந்தயம் நின்றே போனது. ஆகவே நீங்கள் இப்போது நடத்தப்போவது அவர்கள் நடத்த முடியாமல் போன பந்தயத்தை என்றுதான் நான் பார்க்கிறேன்.

மாங்குட் மன்னரின் பேரன் பீரா. பதின்மூன்று வயதில், 1927இல், இங்கிலாந்தின் ஈட்டன் பள்ளிக்கு அனுப்பப்பட்டவர். தாய் ஏற்கெனவே இல்லை, அடுத்த ஆண்டே தகப்பனும் போய்விட்டார். 1932இல் சயாமில் (தாய்லாந்தின் பழைய பெயர்) மன்னராட்சியின் முழு அதிகாரம் முடிவுக்கு வந்தது, 1935இல் மன்னர் பிரஜாதிபோக் இங்கிலாந்தில் இருந்தபடியே முடி துறந்தார். பீராவை யாரும் ஆணை போட்டு நாடு கடத்தவில்லை. ஆனால் அவர் சிறுவனாக விட்டுவந்த உலகம் திரும்பிப் போவதற்குள் இல்லாமலே போய்விட்டது, வயதில் ஆறு ஆண்டு மூத்த சுலாதான் அவருக்குக் குடும்பம் என்று ஆனது. 1942 ஜனவரியில் தாய்லாந்து பிரிட்டன்மீது போர் அறிவித்தபோது அவர் கார்ன்வாலில் இருந்தார். போர்க்காலத்தில் அங்கேயே பிரிட்டிஷ் இளைஞர்களுக்குக் கிளைடர் ஓட்டக் கற்றுக்கொடுத்தார். பிறந்த நாடும் வாழும் நாடும் எதிரெதிரே நிற்கும்போது நடுவில் மாட்டிக்கொண்டவருடைய நிலை எப்படி இருந்திருக்கும் என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.

‘கார் ஓட்டிய இளவரசர்’ என்றே எல்லாரும் எழுதுகிறார்கள். பணம் இருந்தது, பொழுதுபோக்காக ஓட்டினார் என்ற தொனி அதில் வந்துவிடுகிறது. பணம் இருந்தது உண்மைதான். 1935 ஜூலையில் இருபத்தோராவது பிறந்தநாளுக்கு சுலா இ.ஆர்.ஏ. என்ற பிரிட்டிஷ் பந்தயக் கார் ஒன்றையே பரிசாகக் கொடுத்தார், அதற்கு ரோமுலஸ் என்று பெயர் வைத்தார்கள். அதே மாதம் பிரான்சின் டியெப்பில் அந்தக் காரின் முதல் பந்தயம், பீராவுக்கு இரண்டாவது இடம். அடுத்த ஆண்டு மொனாக்கோவில் அதே காரில் வென்றார். பிரிட்டிஷ் பந்தய ஓட்டுநர் சங்கத்தின் தங்க நட்சத்திர விருது 1936, 1937, 1938 என்று மூன்று ஆண்டும் அவருக்குத்தான். ரேஸில் இதெல்லாம் காசு கொடுத்து வாங்குகிற சமாச்சாரம் இல்லை. சுலாவின் ‘வெள்ளை எலி’ அணி ஒழுங்குக்குப் பேர் போனது. வெளிர்நீல நிறத்தில் கார்கள். இன்னொரு இ.ஆர்.ஏ.வுக்கு ஹனுமான் என்றே பெயர்! ஆங்கிலேயத் தடங்களில், அதுவும் அந்தக் காலத்தில், ஹனுமான் என்ற பெயரோடு ஒரு கார் ஓடியது என்பதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மெய்சிலிர்க்கிறது.

டியெப்பில் அவரை முந்தி முதலாவதாக வந்தவர் பாட் ஃபேர்ஃபீல்டு. அவர் 1937இல் லெ மான் பந்தயத்தில் விபத்துக்குள்ளாகி இறந்துபோனார். டானிங்டன் தடத்தில் அவருக்கு நினைவுச்சின்னம் வைத்தபோது அதைச் செதுக்கியவர் பீரா. சிற்பி சார்ல்ஸ் வீலரிடம் முறையாகச் சிற்பம் கற்ற கை அது. தன்னைத் தோற்கடித்த ஓட்டுநரைத் தன் கையாலேயே வடித்த அந்தக் குணத்துக்காகவும்தான் அவர் பெயரை வைக்கச் சொல்லிக் கேட்கிறேன்.

1948 முடிவில் சுலாவின் அணி கலைந்தது. அதுவரை ஓட்டுவதை மட்டும் கவனித்தவர், அப்புறம் கிடைத்த கார்களை வைத்துச் சமாளிக்க வேண்டியிருந்தது. அப்படியும் 1950இல் சில்வர்ஸ்டோனில் உலகச் சாம்பியன்ஷிப்பின் முதல் பந்தயம் தொடங்கியபோது, நான்கு ஆல்ஃபா ரோமியோக்களுக்கு அடுத்து ஐந்தாவதாக நின்றது பீராவின் மசராட்டி. 1954 ஜூலையில் பிரான்சின் ரேம்ஸ். மெர்சிடிஸ் திரும்பி வந்து அதன் ஓட்டுநர்கள் ஃபாஞ்சியோவும் கிளிங்கும் முன்னால் பறந்துபோன பந்தயம் என்றுதான் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். அவர்களுக்குப் பின்னால் மூன்றாவது இடத்தில் வந்துகொண்டிருந்தவர் பீரா, சொந்த மசராட்டியில், நாற்பது வயதை நெருங்கிய நேரத்தில். கடைசிச் சுற்றில் எரிபொருள் தீர்ந்துபோய், மன்சோன் என்ற ஓட்டுநர் அவரை முந்திவிட்டார். நான்காவது இடம். உலகச் சாம்பியன்ஷிப்பில் அவருடைய மொத்தப் புள்ளிகள் எட்டு. அந்த எண்ணை மட்டும் பார்த்து அவரை எடைபோடுகிறவர்கள் மேல் எனக்குக் கோபமே வரும்.

2019இல் அலெக்ஸ் ஆல்பன் தாய்லாந்துக் கொடியோடு ஃபார்முலா ஒன்னுக்கு வந்தார். அடுத்த ஆண்டு முகெல்லோவில் மூன்றாவது இடம் பிடித்தபோதுதான் தாய்லாந்து ஓட்டுநர் ஒருவர் முதன்முதலாக, முதல் மூன்று இடத்தவர் நிற்கும் மேடையில் ஏறினார். ரேம்ஸில் டாங்கில் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்திருந்தால் அது 66 ஆண்டுகளுக்கு முன்பே நடந்திருக்கும்.

1955 தொடக்கத்தில் நியூசிலாந்து கிராண்ட் பிரீயை வென்றுவிட்டு, அந்த ஆண்டே பந்தயத்தை விட்டார் பீரா. பிறகு பாய்மரப் படகில் தாய்லாந்துக்காக நான்கு ஒலிம்பிக் போட்டிகளில் கலந்துகொண்டார். 1985 டிசம்பர் 23 அன்று லண்டனின் பேரன்ஸ் கோர்ட் ரயில் நிலையத்தில் மயங்கி விழுந்து இறந்தார். யார் என்று அங்கே யாருக்கும் தெரியவில்லை. அவரிடம் தாய்லாந்து மொழியில் கையால் எழுதிய ஒரு காகிதம் இருந்தது, அதைப் படிக்கச் சொல்லித்தான் ஆளைக் கண்டுபிடித்தார்கள். ஒரு காலத்தில் இங்கிலாந்து ரசிகர்கள் பெயர் சொல்லிக் கைதட்டிய மனிதர் அவர்.

பட்டாயா பக்கம் பீரா பெயரில் ஒரு தடம் இருப்பது எனக்குத் தெரியும், அதற்கு மகிழ்ச்சி. ஆனால் அவர் பந்தயம் நடத்த ஆசைப்பட்ட ஊர் பாங்காக். அங்கே வெல்பவர் தூக்கிப்பிடிக்கும் கோப்பை பீரா கோப்பையாக இருக்கட்டும். பந்தயத்தின் பெயர் விளம்பரதாரருக்குப் போய்விடும், அது இந்தத் தொழிலின் வழக்கம், அதைக் குறை சொல்ல வரவில்லை. கோப்பை மட்டும் விலைக்குப் போகக் கூடாது. ரோமுலஸ் இன்றும் இருக்கிறது. உரியவர்களிடம் கேட்டு, பந்தய நாளன்று அந்த வெளிர்நீலக் காரை ஒரு சுற்றாவது ஓடவிடுங்கள், முடிந்தால் ஆல்பனையே ஓட்டச் சொல்லுங்கள். நிகழ்ச்சிக் கையேட்டில் வெற்றிகளை மட்டும் போட்டு நிறுத்திவிடாமல் பேரன்ஸ் கோர்ட்டையும் சேர்த்து எழுதுங்கள்.

கையெழுத்து ஆன பிறகு இதையெல்லாம் கேட்டால் நேரமில்லை, விதியில் இடமில்லை என்று பதில் வரும். அதனால் ஒப்பந்தப் பேச்சு நடக்கும்போதே கோப்பையின் பெயரை அதில் எழுதிவிடுங்கள்.

அன்புடன்,
ஒரு பந்தய ரசிகன்