இசட்-என் சாயத்துக்குள் இருக்கும் ஆட்கள்

காட்பாடி

அன்புள்ள முருகேசா,

கடிதம் கிடைத்தது. ஆரணியில் லேப் டெக்னீஷியன் பிள்ளைகளுக்கு வகுப்பெடுக்கிறாய் என்று படித்ததும் மனசு நிறைந்தது. இங்கே எல்லாரும் சுகம். வேலூர் வெயிலைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

விஞ்ஞானிகளின் பெயர்களை மனப்பாடம் பண்ணிவிட்டு மறுநாளே மறந்துவிடுகிறார்கள் என்று எழுதியிருந்தாய். பெயரைத் தனியாகக் கொடுக்காதே. அந்த ஆள் எந்தப் படியைக் கொண்டுவந்தார் என்று சேர்த்துக் கொடு. காசநோய்க் கிருமியைச் சிவப்பாகக் காட்ட நாம் தினமும் போடும் இசட்-என் (ஜீல்-நீல்சன்) சாயத்தையே எடுத்துக்கொள். 1882 மார்ச் 24 அன்று பெர்லினில் ராபர்ட் காக் காசநோய்க் கிருமியை அறிவித்தபோது அவர் கையில் இருந்தது மெத்திலீன் ப்ளூ என்ற நீலச் சாயம். அதே வருஷம் பால் எர்லிக், ஆசிட் ஊற்றினாலும் இந்தக் கிருமி ஏறிய நிறத்தை விடாது என்று காட்டினார். சாயத்தில் அனிலினுக்குப் பதில் பீனால் சேர்த்தவர் ஃபிரான்ஸ் ஜீல். நைட்ரிக் ஆசிட்டை விட்டு சல்ஃப்யூரிக் ஆசிட்டுக்கு வந்தவர் நீல்சன், 1883-ல். ஆணிவேரான கண்டுபிடிப்பு எர்லிக்குடையது, பெயரில் மட்டும் அவர் இல்லை. வகுப்பில் அவரை விட்டுவிடாதே.

இப்படிச் சொன்னால் தப்பு எங்கே நடக்கிறது என்பதும் தானாகப் புரியும். கிருமியின் மேல் மெழுகுச் சுவர். சாயத்தை அதற்குள் தள்ளுவது ஜீலின் பீனாலும் சூடும். ஒரு லிட்டர் சாயத்துக்கு, சிவப்பு தரும் பேசிக் ஃபுக்சின் 10 கிராம், ஆல்கஹால் 100 மில்லி, பீனால் 50 கிராம். ஸ்லைடில் ஊற்றி அடியில் சூடு காட்டி ஆவி எழும்பியதும் விலக்கி, 5 நிமிஷம் விடவேண்டும். கொதிக்கக் கூடாது, காயவும் கூடாது. நம் ஊர் ஏப்ரல், மே மாதங்களில் மின்விசிறிக்குக் கீழே வைத்தால் சாயம் சீக்கிரம் வற்றிவிடும். வற்றினால் படிகம் படியும். பழகாத கண்ணுக்கு அது கிருமி மாதிரியே தெரியும். சாயத்தை வடிகட்டாமல் ஊற்றினாலும் இதே கதைதான். அப்புறம் மற்றவற்றின் சிவப்பை வெளுக்கும் நீல்சனின் படி: 25 சதவீத சல்ஃப்யூரிக் ஆசிட், 2 முதல் 4 நிமிஷம். கலக்கும்போது தண்ணீரில்தான் ஆசிட்டை மெல்ல ஊற்றவேண்டும், ஆசிட்டில் தண்ணீரை ஒருபோதும் ஊற்றக் கூடாது. இதை முதல் நாளே பலகையில் எழுதிப் போடு. கடைசியில் பின்னணிக்கு 0.1 சதவீத மெத்திலீன் ப்ளூ 30 விநாடி போதும். நீலம் அடர்ந்தால் சிவப்புக் குச்சியாகத் தெரியும் கிருமி மறைந்துபோகும். கழுவுகிற தண்ணீரும் முக்கியம்: குழாய்த் தண்ணீரில் ஆசிட்டுக்கு அசையாத வேறு கிருமிகள் இருக்கலாம், இல்லாத காசநோய் ஸ்லைடில் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

தொழுநோய் ஸ்மியருக்கு (ஸ்லைடில் மெல்லப் பூசிய மாதிரி) வந்தால் கணக்கு மாறுகிறது. மருத்துவர் ஹேன்சன் 1873-ல் நார்வேயின் பெர்கன் நகரில் கண்ட கிருமி, காசநோய்க் கிருமி அளவுக்கு ஆசிட்டைத் தாங்காது. 25 சதவீதம் ஊற்றினால் அதுவும் வெளுத்துப்போய் நெகட்டிவ் என்று எழுதிவிடுவோம். அதனால் 5 சதவீதம்தான். திசுவை வெட்டிப் பார்க்கும் ஃபைட்-ஃபராகோ முறையில் இன்னும் ஒரு படி கவனம்: திசுவைப் பதித்திருக்கும் மெழுகை எடுக்க சைலீன் என்ற கரைப்பானை மட்டும் போட்டால் கிருமியின் கொழுப்பும் கரைந்துவிடும், ஆகவே சைலீனோடு கடலை எண்ணெய் கலக்கிறார்கள். கடலை விளையும் ஆரணிப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இது மறக்கவே மறக்காது.

ஹேன்சனின் மறுபக்கத்தையும் சொல். ஒரு நோயாளிப் பெண்ணின் கண்ணில் அவளைக் கேட்காமலே தொழுநோய்ப் பொருளை ஏற்றினார். 1880-ல் வழக்கு நடந்து, ஆஸ்பத்திரி மருத்துவர் பதவி பறிபோனது. நியாயமான தீர்ப்பு என்பதே என் எண்ணம். தொழுநோய் ஸ்மியர் எடுக்கக் காது மடலில் கீறும் நம் பிள்ளைகளுக்கு இது நேரடிப் பாடம். என்ன செய்யப்போகிறோம் என்று சொல்லி, சரி என்று நோயாளி சொன்ன பிறகே மடலைக் கிள்ளிப் பிடிக்கவேண்டும். ரத்தம் போகும்வரை அழுத்தி, 5 மில்லிமீட்டர் நீளம், 2 முதல் 3 மில்லிமீட்டர் ஆழம் கீறி, பிளேடைத் திருப்பிச் சுரண்டு. பிடி தளர்ந்தால் ரத்தம் கலந்து ஸ்மியர் வீணாகும்.

ரிப்போர்ட்டில்தான் பெரிய குழப்பம். காசநோயில் 3+ என்றால் ஒரு ஃபீல்டில் (மைக்ராஸ்கோப்பில் ஒரு தடவை தெரியும் வட்டம்) 10 கிருமிக்கு மேல். தொழுநோயில் கிருமியை எண்ண வேறு அளவுகோல், ரிட்லி அளவுகோல். அங்கே 3+ என்றால் ஒரு ஃபீல்டுக்கு 1 முதல் 10 வரைதான், 6+ வரை போகும். இரண்டையும் ஒரே நோட்டில் எழுதவிடாதே. எந்த அளவுகோல் என்று எண்ணுக்குப் பக்கத்திலேயே எழுதச் சொல். கரிகிரி தொழுநோய் ஆஸ்பத்திரியில் ஸ்மியர் பயிற்சி எடுத்து வந்தவர்களிடம் இந்தப் பழக்கத்தைப் பார்க்கலாம்.

பயிற்சிக்குப் பழைய ஸ்லைடுகள் வேண்டுமென்றால் எழுது. மைக்ராஸ்கோப்பில் பார்க்க விட்ட ஆயிலைத் துடைத்து டப்பாவில் அடுக்கி அனுப்புகிறேன். வந்ததும் ஜன்னலோரம் வைத்துவிடாதே, வெயில் பட்டால் சிவப்பு மங்கிவிடும். தங்கச்சியையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
தணிகாசலம்