பீரோச் சாவியும் 61 நாளும்

மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம் கரையோரப் பள்ளிகளில் ஆறு முதல் எட்டு வரை ஆங்கிலம் எடுக்கும் ஆசிரியர்களுக்கு,

வணக்கம். லீவில் பூட்டிக் கிடக்கும் உங்கள் பள்ளிப் புத்தக பீரோ பற்றி ஒரு வேண்டுகோள். நான் படகு இன்ஜின் மெக்கானிக். மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். விசைப்படகெல்லாம் கரையில் கிடக்கும்போதுதான் எனக்கு வேலை. என் மகளுக்கும் அப்போதுதான் லீவு. ஜூனில் எட்டாவது போகிறாள். ஆங்கிலப் புத்தகம் கைக்கு வந்தால் சப்ளிமென்டரி கதைகளை ஒரே வாரத்தில் முடித்துவிடுவாள். இப்படிப்பட்டவர்களை உங்கள் பதிவேட்டில் 'மீத்திறன் மாணவர்' என்கிறீர்கள். மெல்லக் கற்கிறவர்களுக்குத் தனி வகுப்பு வைக்கிறீர்கள், நல்லது. இவளுக்குப் போன லீவில் கிடைத்தது நாலு கோடு நோட்டில் நாற்பது பக்கம் காப்பி ரைட்டிங். அப்புறம் 'கோ, வென்ட், கான்'. இரண்டு நாளில் எழுதித் தூக்கிப் போட்டுவிட்டாள்.

ஸ்பேர் பார்ட்ஸ் வாங்க மதுரை போனபோது பழைய புத்தகக் கடையில் ஹெமிங்வே எழுதிய 'தி ஓல்டு மேன் அண்டு தி சீ' கிடைத்தது. 1952-இல் வந்தது, சின்னப் புத்தகம். படகு நிழலில் உட்கார்ந்து வாசித்தாள். பக்கத்தில் என் அப்பா வலை பொத்திக்கொண்டிருந்தார். அவருக்கு ஆங்கிலத்தில் ஓர் எழுத்து தெரியாது.

"தாத்தா, இந்தக் கிழவனுக்கு 84 நாளா மீனே படலை."

ஊசி நின்றது. "84 நாளாப் பாடு இல்லையா? எந்தக் கரை?"

கியூபா என்றாள். அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் கதை நடந்தது. 'ஸ்கிஃப்' என்றால் என்ன என்று அவள் முழித்தபோது, துடுப்பும் பாயும் உண்டு, ஓர் ஆள் போவது என்று கேட்டுக்கொண்டு, "நம்ம வத்தை மாதிரி" என்றார். கிழவன் பிடித்த மார்லின் மீனின் மூக்கு நீண்டது என்றதும், "மயில் மீனுக்குச் சொந்தக்காரன்" என்று முடிவு செய்தார். கயிறு இழுத்துக் கை கிழிகிற இடத்தில் தன் உள்ளங்கையை விரித்துக் காட்டினார். சுறாக்கள் வந்த அன்று அவர் சாப்பிடவில்லை. (மிகைப்படுத்தவில்லை, அம்மாவைக் கேட்டுப் பாருங்கள்.) இவள் அகராதியைத் தொட்டது நாலைந்து முறை இருக்கும்.

இந்தக் கரைப் பிள்ளைகளுக்கு இப்படி இன்னும் உண்டு. ஸ்டைன்பெக் எழுதிய 'தி பேர்ல்' 1947-இல் வந்தது. முத்துக்குளிக்கிறவனின் கதை, கொஞ்சம் கசப்பானது, எட்டாவதுக்குத் தாங்கும். கீழக்கரைப் பக்கம் சங்கு குளிக்கிற வீட்டுப் பிள்ளைக்கு அந்த மூச்சடக்கலை யாரும் விளக்க வேண்டாம். ஆறாவதுக்கு ஆர். கே. நாராயணின் 'சுவாமி அண்டு ஃபிரண்ட்ஸ்' போதும். கலாமின் 'விங்ஸ் ஆஃப் ஃபயர்' எல்லாப் பள்ளியிலும் இருக்கும், பெரும்பாலும் கண்ணாடிக்குள்.

கண்ணாடிக்குள் என்றதும் விஷயத்துக்கு வருகிறேன். வீட்டில் ஆளும் நேரமும் இருக்கிற மே மாதம்தான் புத்தக பீரோ பூட்டிக் கிடக்கிறது. ஏன் என்று தெரியும். தொலைந்தால் இருப்புப் பதிவேட்டில் யார் பதில் சொல்வது? நானும் கடன் கொடுத்த ஸ்பானர் திரும்பி வராதவன்தான். அதனால் பெற்றோரிடம் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். தொலைத்தால் வாங்கித் தருவது எங்கள் பொறுப்பு.

கடைசி வேலை நாளன்று, நன்றாக வாசிக்கிற பிள்ளைக்கு இரண்டு புத்தகம் கொடுத்து அனுப்புங்கள். தாத்தாவிடமோ அம்மாவிடமோ கதையைத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். சம்மரி எழுதி வா என்று மட்டும் சொல்லாதீர்கள், அத்தோடு புத்தகம் மூடிவிடும். ஜூனில் ஒரு பீரியட் ஒதுக்கி, என்ன வாசித்தாய் என்று கேட்டால் போதும்.

கடைசி வேலை நாள் மதியம் நானும் வருகிறேன். உப்புக்காற்றில் பீரோப் பூட்டு இறுகியிருந்தால் எண்ணெய் என் பையில் இருக்கும்.

இப்படிக்கு,
எட்டாவது போகும் பிள்ளையின் அப்பா, மண்டபம்