கழற்றியதைக் கூடவே கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் நாளிதழின் வரி விளம்பரப் பக்கத்தில் 'பழைய ஹாரன் ஸ்பீக்கர், அசல் நிலையில், விற்பனைக்கு' என்ற விளம்பரத்தை இந்த ஒரு வருடத்தில் நாலைந்து முறை பார்த்துவிட்டேன். அதில் வரும் 'அசல் நிலையில்' என்ற சொல்லைப் பற்றித்தான் எழுதுகிறேன். அம்மாப்பேட்டையில் 36 வருடம் ரேடியோ, ஆம்ப்ளிஃபயர் ரிப்பேர் பார்த்தவன் நான். திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் ஒலிபெருக்கிக் குழாய் கட்டியிருக்கிறேன். கடையை மகனிடம் கொடுத்த பிறகு, பழைய ஹாரன் பெட்டிகளைச் சரிசெய்து, ஆசை தீரக் கேட்டுவிட்டு, கேட்பவர்களுக்கு விற்கிறேன்.

ஐந்து வருடத்துக்கு முன்னால் ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்து பங்களாவைக் காலி செய்தார்கள். இரும்புக் கடைக்கு ஆள் சொல்லியாகிவிட்டது, அதற்குள் வந்து பாருங்கள் என்று அந்த வீட்டு அம்மா போன் செய்தார். சாப்பாட்டு அறை மூலையில் இரண்டு பெட்டிகள், ஒன்றின் மேல் பூந்தொட்டி. பின்னால் திரும்பிப் பார்த்தால் கிளிப்ஷ் லா ஸ்காலா! அந்த அம்மாவின் மாமனார் எழுபதுகளில் அமெரிக்காவிலிருந்து கப்பலில் கொண்டு வந்தாராம். இருபது கொண்டை ஊசி வளைவிலும் அந்தப் பெட்டிகள் அசையாமல் இருக்க, டெம்போவில் மெத்தை போட்டுக் கட்டி, நானும் பின்னாலேயே உட்கார்ந்து இறங்கினேன்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பால் கிளிப்ஷ் என்ற இன்ஜினியர் அர்கன்சா மாநிலத்தில் ஹோப் என்ற சிற்றூரில் 1946-ல் தொடங்கிய கம்பெனி அது. லா ஸ்காலா 1963-ல் வந்தது. நாதஸ்வரத்துக்கு அணசு என்ன வேலை செய்கிறதோ அதைத்தான் ஸ்பீக்கருக்கு ஹாரன் செய்கிறது. சின்ன வாயில் பிறக்கும் அழுத்தம் கொஞ்சம் கொஞ்சமாக விரிந்து அறைக் காற்றோடு கலக்கிறது. அதனால் 1 வாட் கொடுத்தால் 1 மீட்டர் தூரத்தில் 104 டெசிபல் வரும். கடையில் விற்கும் சாதாரணப் பெட்டி 88 டெசிபல் கொடுத்தால் பெரிது. இந்தச் சத்தத்தை அதில் எடுக்க 40 வாட் வேண்டும். நான் ஒற்றை இஎல்84 வால்வு வைத்துக் கட்டிய 5 வாட் ஆம்ப்ளிஃபயரே லா ஸ்காலாவுக்குத் தாராளம்.

முதல் நாள் கேட்டபோது இடது பெட்டியில் நடு ஒலி மங்கலாக இருந்தது. டார்ச் அடித்துப் பார்த்தேன். ஹாரனின் தொண்டையில் குளவி கூடு கட்டியிருந்தது, காய்ந்த செம்மண், பெருவிரல் அளவு. அதை அப்படியே குத்தினால் மண் உள்ளே போய், அதிர்ந்து ஒலி எழுப்பும் மெல்லிய தகடான டயாபிரத்தில் விழும். நம் ஒலிபெருக்கிக் குழாயின் பின்னால், ஒலியை எழுப்பும் யூனிட்டைத் திருகுவது போலத்தான் அதிலும் திருகியிருப்பார்கள். யூனிட்டை முதலில் கழற்றி எடுத்து, ஹாரனைக் கவிழ்த்து, ஈரத்துணியால் ஊற வைத்து, மூங்கில் சிம்பால் சுரண்டினேன். அரை நாள் ஆனது. அலுமினிய ஹாரனை விரலால் சுண்டினால் மணி போலக் கணகணத்தது. அந்த அதிர்வை அடக்க, கார் கதவுக்குள் ஒட்டும் ரப்பர் ஷீட்டை வெளிப்புறம் சுற்றி ஒட்டினேன், வேண்டாம் என்றால் உரித்துவிடலாம். ஒலியைப் பிரித்து ஒவ்வொரு யூனிட்டுக்கும் அனுப்பும் கிராஸ்ஓவரில் இருந்த எண்ணெய்க் கண்டன்சர்களின் அளவு மாறிப் போயிருந்தது. அதே மதிப்பில் புதிது போட்டேன். பழையவற்றை வெட்டித் திறக்கவில்லை. 1979-க்கு முந்தைய அமெரிக்கக் கண்டன்சர் எண்ணெயில் பிசிபி என்ற விஷம் இருக்கலாம். பிளாஸ்டிக் உறையில் கட்டி, பிஸ்கட் டின்னில் வைத்து, டின்னின் மேல் எழுதி ஒட்டினேன். ஆசாரியை வைத்துப் பக்கப் பலகைகளுக்கு நடுவில் ஒரு ரீப்பர் திருகினேன், ஃபெவிகால் போடாமல். லா ஸ்காலாவில் அந்தப் பலகைகள் கொஞ்சம் அதிரும், அதுதான் அதன் குறை.

அப்புறம் ஒரு ராத்திரி, பவர்லூம் சத்தமெல்லாம் அடங்கிய பிறகு, நாதஸ்வர இசைத்தட்டு ஒன்றைப் போட்டேன். தவில் வந்தது. கூடு போட்ட விரல் வலந்தலையில் படும் அந்த 'டக்' என்ற ஓசையும், தொப்பியில் குச்சி விழுவதும் தனித்தனியாக, வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஒருவர் வாசிப்பது போலக் கேட்டது. என் மனைவி சமையலறையிலிருந்து வந்து, தட்டு முடியும் வரை நின்று கேட்டாள். அவ்வளவு வருட ரிப்பேரில் அப்படி ஒரு ராத்திரி எனக்கு அமைந்ததில்லை.

இரண்டு மாதம் கழித்து வெளியூர்க்காரர் ஒருவருக்கு விற்றேன். என்னென்ன மாற்றினேன் என்று தமிழில் ஒரு சீட்டு எழுதி, பெட்டியின் மேல் அறையில் கிராஸ்ஓவர் பக்கத்தில் ஒட்டினேன். பிஸ்கட் டின்னையும் கையில் கொடுத்தேன். 50 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள கனத்த ஒலியை இதில் எதிர்பார்க்காதீர்கள், அடிவயிற்றில் இடிக்கிற பேஸ் வேண்டுமென்றால் தனியாக சப்வூஃபர் வையுங்கள், பெட்டியில் கை வைக்காதீர்கள் என்றும் சொன்னேன். சரி சரி என்று தலையாட்டினார்.

போன மாதம் அஸ்தம்பட்டியில் ஒரு நண்பர், புதிதாக ஹாரன் ஸ்பீக்கர் வாங்கியிருக்கிறேன், அசல் நிலை, வந்து கேளுங்கள் என்று கூப்பிட்டார். போனேன். பெட்டியின் முன்னால் தெரிகிற நடு அறையின் பலகையில் நாலங்குல வட்டத்தில் ஓட்டை போட்டு, பிவிசி பைப் சொருகியிருந்தது. கனத்த ஒலி கொடுக்கும் வூஃபரின் பின்னால் இருக்கும் அந்த அறை காற்றுப் புகாமல் மூடியிருக்க வேண்டும். அந்தக் காற்றும் முன்னால் உள்ள ஹாரனும் ஒன்றுக்கொன்று ஈடு கொடுக்கும்படிதான் கணக்குப் போட்டுச் செய்திருக்கிறார்கள். வலது பெட்டியில் நடு ஒலிக்கான பழைய யூனிட் இருந்த இடத்தில் புது குழாய் யூனிட் திருகியிருந்தது. மேல் அறையில் சீட்டு இல்லை, நாலு மூலையிலும் பசைத் தடம் மட்டும் இருந்தது. மனசு கேட்காமல் பெட்டியைச் சாய்த்து, அடி மூடியைத் திறந்தேன். உள்பக்கம் பென்சிலால் நான் எழுதிய தேதியும் 'அம்மாப்பேட்டை' என்ற ஊரும் அப்படியே இருந்தன. நண்பர் கொடுத்த விலை நான் விற்றதைப் போல இரண்டு மடங்கு. பிஸ்கட் டின்னைப் பற்றி அவருக்கு ஒன்றுமே தெரியாது.

பெட்டியை மாற்றக் கூடாது என்று நான் சொல்லவே மாட்டேன், நானே மாற்றுகிறவன். ஆனால் திரும்பப் பழையபடி ஆக்க முடிகிற மாற்றம் வேறு, ரம்பம் வைத்து அறுப்பது வேறு. அந்தப் பழைய நடு யூனிட்டில் இருந்தது அல்நிகோ என்ற உலோகக் கலவைக் காந்தம். அதை இரும்புச் சட்டத்திலிருந்து பிரித்தாலே வலு குறைந்துவிடும், திரும்பப் பூட்டினாலும் வராது, மறுபடி காந்தம் ஏற்ற வேண்டும். சுத்தம் செய்கிறேன் என்று யாரோ அதைப் பிரித்துக் கெடுத்திருப்பார்கள் என்றுதான் நினைக்கிறேன். அதைச் சொல்லி விற்றிருந்தால் நண்பர் அதற்குத் தகுந்த விலை கொடுத்திருப்பார். மறைத்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

வாங்கப் போகிறவர்கள் இதைச் செய்து பாருங்கள். ரேடியோவை ஸ்டேஷன் இல்லாத இடத்தில் வைத்து, 'ஸ்ஸ்' என்ற இரைச்சலை முதலில் இடது பெட்டியில் மட்டும், பிறகு வலதில் மட்டும் கேளுங்கள். இரண்டும் ஒரே மாதிரி கேட்க வேண்டும். ஒன்று மூக்கடைத்த மாதிரி இருந்தால் உள்ளே ஏதோ மாறியிருக்கிறது. விற்கிறவர் பின்பக்கம் திறந்து காட்டச் சம்மதிக்கவில்லை என்றால் வந்துவிடுங்கள். விற்கிறவர்களுக்கு என் வேண்டுகோள், கழற்றிய ஒவ்வொரு திருகையும் கண்டன்சரையும் பெட்டியோடு சேர்த்துக் கொடுங்கள், மாற்றியதை எழுதி ஒட்டுங்கள், முன்னால் ஒருவர் ஒட்டிய சீட்டைச் சுரண்டாதீர்கள்.

நண்பரின் பெட்டியில் அந்த ஓட்டைக்குப் பிளைவுட் வட்டம் வெட்டி அடைத்திருக்கிறேன். வலது பக்கத்துக்கு அதே மாடல் யூனிட் தேடிக்கொண்டிருக்கிறேன். ஏற்காடு, வாழப்பாடி, ஓமலூர் பக்கம் பழைய வீட்டையோ மூடிய தியேட்டரையோ காலி செய்கிறவர்கள், இரும்புக் கடைக்கு எடை போடுவதற்கு முன்னால் பெட்டியின் பின்னால் என்ன எழுதியிருக்கிறது என்று ஒரு தடவை படித்துப் பாருங்கள். பக்கத்து ரேடியோ கடைக்காரரையாவது கூப்பிட்டுக் காட்டுங்கள்.

இப்படிக்கு,
ஒரு பழைய ரேடியோ மெக்கானிக்,
அம்மாப்பேட்டை, சேலம்.