பத்தாவது தேறினால் பாதுகாப்பு போய்விடுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வளைகுடாவுக்கு செக்யூரிட்டி வேலைக்குப் போனவர்கள் ஏமாந்த செய்தி வரும்போதெல்லாம் ஏஜென்டைத் திட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். ஏஜென்ட் நுழையும் ஓட்டையை யாரும் பார்ப்பதில்லை.

1983-ஆம் ஆண்டு குடியகல்வுச் சட்டப்படி, ‘குடியகல்வுச் சோதனை தேவை’ என்ற இசிஆர் முத்திரையுள்ள பாஸ்போர்ட் வைத்திருப்பவர் வளைகுடா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குச் செல்ல அரசின் அனுமதி பெற வேண்டும். முதலாளி யார், சம்பளம் எவ்வளவு என்பதெல்லாம் அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் ஏறும். வெளிநாடு செல்லும் தொழிலாளர்களுக்கான 10 லட்சம் ரூபாய் பிரவாசி காப்பீடும் கட்டாயம். இரண்டு ஆண்டுக்கு பிரீமியம் 275 ரூபாய்தான். பத்தாவது தேறியவரின் பாஸ்போர்ட்டில் இசிஆர் இல்லை. அவருக்கு இவை எதுவும் கட்டாயமில்லை. செக்யூரிட்டி வேலைக்குப் பெரும்பாலும் கேட்பதோ பத்தாவது, பன்னிரண்டாவது! பத்தாவது தேறாத கொத்தனாருக்கு இருக்கும் காவல், காவலாளிக்கு இல்லை.

உரிமம் பெற்ற ஏஜென்ட் 30,000 ரூபாயும் அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டியும், ஆக 35,400 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது. ஊரில் லட்சத்தில் பேசும் சப்-ஏஜென்டுக்குச் சட்டத்தில் இடமே கிடையாது. அவர் ரொக்கமாக வாங்குவார், ரசீது தரமாட்டார், விசிட் விசாவில் ஏற்றிவிடுவார். துபாயில் காவலுக்கு நிற்க, அங்கே செக்யூரிட்டி தொழிலை ஒழுங்குபடுத்தும் ‘சிரா’ என்ற அரசு அமைப்பின் பயிற்சியும் தேர்வும் முடித்து அட்டை வாங்க வேண்டும் என்பதைச் சொல்லவும் மாட்டார். தேர்வில் தவறியவருக்கு அங்கே விசா நாள் ஓடும், இங்கே வட்டி ஓடும்.

சம்பளப் பேச்சில்தான் பெரிய தந்திரம். அமீரக வேலைக்கு “மொத்தம் 2,000 திர்ஹம்” (அந்நாட்டு நாணயம்) என்பார்கள். அதில் அடிப்படைச் சம்பளம் எவ்வளவு என்று கேட்க வேண்டும். அமீரகச் சட்டம் ஓவர்டைமை அடிப்படைச் சம்பளத்தின் மீதுதான் கணக்கிடுகிறது. உதாரணத்துக்கு, அடிப்படை 800, மீதி அலவன்ஸ் என்று எழுதியிருந்தால், நாளுக்கு 8 மணி நேரக் கணக்கில் ஒரு மணிக்கு 3.33 திர்ஹம், 25 சதவீதம் கூட்டினால் 4.17. முழு 2,000-மும் அடிப்படையாக இருந்திருந்தால் 10.42 வரும். பணிக்கொடையும் அடிப்படையை வைத்துத்தான். இரவு 10 முதல் அதிகாலை 4 வரையிலான ஓவர்டைமுக்கு 50 சதவீதம் கூடுதல் என்ற விதி இருக்கிறது. ஷிப்ட் முறையில் வேலை செய்பவருக்கு அது பொருந்தாது. காவலாளிகள் யார்? ஷிப்ட்காரர்கள்தானே.

அடுத்த ஷிப்டுக்கு மாற்றிவிட வரும் ரிலீவர் வரவில்லை என்றால் போஸ்ட்டை விட்டு நகர முடியாது. பன்னிரண்டு மணி நேரம் பதினாறாகும். கத்தாரில் ஓவர்டைம் சேர்த்து வாரத்துக்கு 60 மணி நேரம்தான் உச்சவரம்பு. அங்கே காவலாளிகள் வாரம் 84 மணி நேரம் வரை நின்றதை அம்னெஸ்டி என்ற மனித உரிமை அமைப்பு 2022-இல் வெளியிட்ட அறிக்கையில் பதிவு செய்தது.

அமீரகத்துக்குப் போகிறவர்கள் ஆஃபர் லெட்டரைத் தமிழிலும் கேட்டு வாங்கலாம். அங்குள்ள அமைச்சகம் அனுமதித்த மொழிகளில் தமிழும் உண்டு. ஆள்சேர்ப்புச் செலவைத் தொழிலாளி தலையில் கட்டக் கூடாது, பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைக்கக் கூடாது என்பதும் அந்நாட்டுச் சட்டமே.

அரசின் அனுமதி தேவைப்படும் அந்த 18 நாடுகளில் ரஷ்யா இல்லவே இல்லை. செக்யூரிட்டி வேலை, உதவியாளர் வேலை என்று கூட்டிப்போய் உக்ரைன் போர்முனையில் இறக்கியது தொடர்பாக 2024-இல் சிபிஐ வழக்குப் பதிவு செய்தது. ஆள் எங்கே, யாரிடம் போகிறார் என்ற பதிவு முன்பே இருந்திருந்தால் தேடுவதாவது எளிதாகியிருக்கும்.

வழி இல்லாமல் இல்லை. செவிலியர்களும் படித்தவர்கள்தான், அவர்கள் பாஸ்போர்ட்டிலும் இசிஆர் இல்லை. ஆனாலும் இந்த 18 நாடுகளுக்கு வேலைக்குச் செல்லும் செவிலியர்களுக்கு 2015-இல் அரசு அனுமதியைக் கட்டாயமாக்கியது. இந்த நாடுகளுக்கு வேலைக்குப் போகும் இசிஆர் இல்லாத எல்லோரும் புறப்படும் முன் தங்கள் விவரங்களைப் பதிவு செய்ய வேண்டும் என 2018 நவம்பரில் வெளியுறவு அமைச்சகம் அறிவித்தது. அந்த மாதம் முடிவதற்குள் நிறுத்தியும் வைத்தது. எல்லோருக்கும் முடியாவிட்டால் போகட்டும், செவிலியருக்குச் செய்ததைக் காவலாளிக்குச் செய்யலாம். தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும் செக்யூரிட்டி வேலைக்கு நேரடியாக ஆள் எடுத்து அனுப்பினால் சப்-ஏஜென்ட் வீட்டு வாசலில் கூட்டம் குறையும்.

- வெளிநாட்டு வேலைக்கு வழிகாட்டும் தன்னார்வலர்கள், சிவகங்கை மாவட்டம்