கொத்தனார் வருவதற்குள்

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. நீ திட்டியதெல்லாம் நியாயம்தான், ஏழு மாதமாக ஒரு வரி எழுதாதவனுக்கு இன்னும் நாலு கூடவே விழுந்திருக்க வேண்டும். நான் நன்றாக இருக்கிறேன். வேலைக்கு இப்போது வாரத்தில் நாலு நாள்தான் வரச் சொல்கிறார்கள், அதனால் ஓய்வு நிறைய. குளிர்தான் ஆளை விடுவதில்லை. மார்ச் முடியப்போகிறது, மண் இன்னும் கல்லாகக் கிடக்கிறது.

பக்கத்து வீட்டுக் கிழவர், ஆளோடு பேசாமல் செடியோடு பேசுவாரே, அவரிடம்தான் நான் எடுபிடி. அவருக்கு டேலில்லி என்கிற பூச்செடிமேல் பைத்தியம். ஒரு பூவுக்கு ஒரு நாள்தான் ஆயுசு, ராத்திரிக்குள் சுருங்கிவிடும், அதனால் கலப்பு வேலையெல்லாம் காலையிலேயே முடிய வேண்டும். ஒரு பூவின் கேசரத்தைக் கிள்ளி, மகரந்தத்தை இன்னொன்றின் சூலக முடியில் தடவி, காம்பில் சீட்டுக் கட்டுவோம். சீட்டில் தாய்ச்செடியின் பெயர் முதலில், ஒரு பெருக்கல் குறி, அப்புறம் மகரந்தம் தந்த செடி. முதல் கோடையில் நான் தடவிய 40 பூவில் ஒன்றுகூடக் காய் பிடிக்கவில்லை. ஒரு செடிக்கு 22 குரோமோசோம், மற்றதற்கு 44, இரண்டும் லேசில் சேராதாம். முதலிலேயே சொல்லியிருக்கலாம். சொல்லமாட்டார், அப்படி ஒரு மனுஷன்.

அடுத்த கோடையில் பிடித்தது. இரண்டு மாதம் போல ஆனதும் காய் வெடித்தது, உள்ளே பளபளவென்று கறுப்பு விதை. அதை ஈரத் துணியில் சுற்றி ஆறு வாரம் ஃப்ரிட்ஜில் வைத்தால் ஒரே சீராக முளைக்கும். என் ஃப்ரிட்ஜில் பாதி விதைதான், ஒற்றை ஆளுக்கு வேறு என்ன வைக்கப்போகிறேன்.

நாற்று பூக்க இரண்டு மூன்று வருஷம் ஆகும். போன ஜூலையில்தான் என்னுடையவை பூத்தன, மொத்தம் 31. கிழவர் ஒவ்வொன்றாகப் பார்த்து "தூக்கிப் போடு" என்றார், வேறு வார்த்தை இல்லை. கடைசிச் செடிக்கு மண்வெட்டியை எடுத்துவிட்டேன். ஒடுங்கின இதழ், மங்கின சிவப்பு. நம் கிணற்றடிச் செம்பருத்தியின் நிறம் அக்கா. துவைக்கிற கல்மேல் சாயங்காலம் சுருண்டு விழுந்து கிடக்குமே, இதுவும் அப்படியே சுருண்டது. அன்றைக்கு நான் வேலைக்குப் போகவில்லை. அதைத் தொட்டிக்கு மாற்றி வீட்டோடு வைத்திருக்கிறேன், கிழவருக்குத் தெரியாது.

இப்போது நீ சுவருக்காக அந்தச் செம்பருத்தியை வெட்டப்போவதாக எழுதியிருக்கிறாய். சுவரை நம் பக்கம் ஓர் அடி தள்ளிக் கட்டச் சொல், ஓர் அடிக்காகச் சித்தப்பாவோடு மல்லுக்கு நிற்க வேண்டாம். முடியவே முடியாதென்றால் பென்சில் பருமனில், அரை அடி நீளத்தில் நாலைந்து குச்சி கணுவுக்குக் கீழே வெட்டி, மேல் இலை இரண்டை விட்டு மற்றதைக் கிள்ளி, நிழலில் ஈர மணலில் ஊன்றிவை. விதையை நம்பாதே. அது காய்ப்பதே அபூர்வம், காய்த்தாலும் அதே பூ வராது. குச்சியில்தான் அதே செடி வரும்.

சுவருக்கு என் பங்கு அடுத்த மாதம் வரும், பேங்க்கில் ஏதோ தாமதம். அம்மாவின் கண் ஆபரேஷனுக்கு டாக்டர் சொன்ன தேதியை எழுதவே இல்லையே? நான் வருவேன் என்று அவளிடம் சொல்லிவைக்காதே, டிக்கெட் போட்டதும் நானே சொல்கிறேன். தம்பி வண்டியை விற்க வேண்டாம், பொறுக்கச் சொல்.

கொத்தனார் வருவதற்குள் குச்சியை வெட்டிவிடு.

உன் தம்பி